வயர் எவ்வளவு நீளம்?

34 வருடம் வீட்டுச் சாதனங்களைப் பழுது பார்த்துவிட்டு இப்போது ஓய்வில் இருக்கும் மெக்கானிக், வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கே: ஐயா, ஒரு சாதாரண கெட்டில் வாங்க நான்கு நாளாக வீடியோ பார்த்துக்கொண்டிருக்கிறேன். எத்தனை வாட், என்ன ஸ்டீல் என்று மண்டை காய்கிறது. நீங்களாக இருந்தால் கடையில் முதலில் எதைப் பார்ப்பீர்கள்?

ப: வயரின் நீளத்தை.

சிரிக்க வேண்டாம். ஒரு அம்மா புத்தம் புதுக் கெட்டிலைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். என்ன கோளாறு என்று கேட்டேன். "கோளாறெல்லாம் இல்லை தம்பி. பிளக் பாயின்ட்டுக்கு எட்டவில்லை, வயரை நீட்டிக் கொடுக்க முடியுமா?" என்றார். முடியாது என்றேன். கெட்டில் வயரைக் குட்டையாக விடுவதே ஒரு காரணத்துக்காகத்தான். மேடையிலிருந்து வயர் தொங்கினால் குழந்தை பிடித்து இழுத்துவிடும், கொதிக்கிற தண்ணீர் மேலே கொட்டும். கம்பெனி செய்ததும் சரி, அந்த அம்மா கேட்டதும் சரி. வாங்கப் போகும் முன் வீட்டில் யாரும் டேப் பிடித்து அளக்கவில்லை, அவ்வளவுதான்.

இப்போது வாட்டுக்கு வருவோம். 1 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோக, வீணாகும் சூட்டைக் கணக்கில் விட்டுவிட்டால், 1,500 வாட் கெட்டிலுக்கு மூன்றரை நிமிடம் ஆகும். 2,000 வாட் என்றால் இரண்டரை நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். வித்தியாசம் ஒரு நிமிடம்கூட இல்லை. இதற்கா நான்கு நாள்? மூடி ஒரு கையால் திறக்கிறதா, ஊற்றி முடித்ததும் மூக்கிலிருந்து சொட்டுகிறதா, ஆவி விரலில் அடிக்கிறதா, உள்ளே கைவிட்டுக் கழுவ முடிகிறதா என்று பாருங்கள். இதில் ஒன்றைக்கூடப் பெட்டியில் அச்சடிக்க மாட்டார்கள். அச்சடிக்க எண் கிடையாதே!

ரிப்பேருக்கு வருகிறவர்களிடம் ஒன்று கேட்பது என் பழக்கம்: "இதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கலாமே, ஏன் மனசு வரவில்லை?" சொல்கிற பதிலைப் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் குறித்துவைப்பேன். ஒரு ரேடியோவுக்கு: "இருட்டில்கூட எந்தக் குமிழ் என்று விரலுக்குத் தெரியும்." ஒரு வாஷிங் மெஷினுக்கு: "புதுசெல்லாம் துவைத்து முடித்ததும் பாட்டுப் பாடுகிறது. இது சும்மா நின்றுவிடும்." ஒரு டார்ச்சுக்கு: "சட்டைப் பையில் நிற்கிறது." தையல் மெஷினுக்கு: "இதன் சத்தம் மாறினாலே என்ன தப்பு என்று எனக்குத் தெரிந்துவிடும்." இப்படிப் பக்கம் பக்கமாக இருக்கிறது. வாட், மெகாபிக்சல், ஜிகாஹெர்ட்ஸ் என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை. ஆனால் இதே ஆட்கள் கடையில் நின்றபோது அந்த எண்களைத்தான் கேட்டிருப்பார்கள். நானும் அப்படித்தான்.

ஏன் இப்படி என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். கிறிஸ்டோபர் ஷீ என்ற ஆய்வாளர் 1996-ல் வெளியிட்ட ஒரு சோதனையைப் பற்றிப் படித்தபோதுதான் பிடிபட்டது. இரண்டு இசை அகராதிகள். ஒன்றில் 10,000 சொற்கள், புத்தகம் புதுசு போல இருக்கிறது. இன்னொன்றில் 20,000 சொற்கள், ஆனால் அட்டை கிழிந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால், சோதனைக்கு வந்தவர்கள் 20,000 சொல் புத்தகத்துக்கு அதிக விலை கொடுக்கத் தயாராக இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு புத்தகத்தைக் காட்டினால் கதை தலைகீழ். அட்டை கிழியாததற்கே மதிப்பு அதிகம்.

கடையில் இரண்டு பெட்டியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். எண்தான் கண்ணில் படும். வீட்டுக்கு வந்தபிறகு இருப்பது ஒரே ஒரு கெட்டில். பக்கத்தில் ஒப்பிட இன்னொன்று கிடையாது. அப்புறம் சொட்டுகிற மூக்கோடு தினமும் காலையில் நீங்கள்தான் குடித்தனம் நடத்த வேண்டும். அதனால் கடையில் இரண்டில் ஒன்றை மறைத்துவிட்டு, மற்றதை மட்டும் கையில் எடுத்து, தண்ணீர் ஊற்றுவது போல ஒருமுறை சாய்த்துப் பாருங்கள். கடைக்காரர் ஒருமாதிரி பார்ப்பார். பார்க்கட்டும்.

கே: என் பவர் பேங்கில் 10,000 என்று போட்டிருக்கிறது. என் போன் பேட்டரி 5,000. இரண்டு முறை முழுசாக ஏற வேண்டாமா? ஒன்றரை முறைதான் ஏறுகிறது. என்னை ஏமாற்றிவிட்டார்களா?

ப: ஏமாற்றவில்லை, ஆனால் முழுசாகச் சொல்லவும் இல்லை. அந்த 10,000 மில்லி ஆம்பியர் மணி என்பது உள்ளே இருக்கும் செல்லின் கணக்கு. செல்லின் அழுத்தம் சுமார் 3.7 வோல்ட். இரண்டையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 37 வாட் மணி. வெளியே வரும்போது அதை 5 வோல்ட்டாக உயர்த்துகிறார்கள். அந்தக் கணக்கில் 10,000 என்பது 7,400 ஆகிவிடும். உயர்த்தும் வேலையில் கொஞ்சம் சூடாகப் போகும், போனுக்குள் ஏறும்போது இன்னும் கொஞ்சம். பவர் பேங்க் கை பட்டால் சுடுகிறதே, அதெல்லாம் உங்கள் சார்ஜ்தான். ஒன்றரை முறை ஏறினால் நல்ல பவர் பேங்க் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை பின்பக்கத்தில் பொடி எழுத்தில் வாட் மணி என்று போட்டிருப்பதைப் பாருங்கள். விமானத்தில் பொதுவாக 100 வாட் மணி வரை அனுமதி கேட்காமல் கைப்பையில் கொண்டுபோகலாம் என்பதும் அந்த எண்ணை வைத்துத்தான். அந்த வரியே இல்லாத பவர் பேங்க் என்றால் அது இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

கே: டச் பட்டன் நல்லதா, அமுக்குகிற பட்டன் நல்லதா?

ப: அமுக்குகிறது. ஈரக் கையோடு டச் அடுப்பை அணைத்துப் பார்த்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள். கார்களின் பாதுகாப்புக்கு நட்சத்திரம் கொடுக்கும் யூரோ என்கேப் அமைப்பே 2026 முதல் இண்டிகேட்டர், வைப்பர், ஹாரன் போன்ற சிலவற்றுக்குத் திரைக்கு வெளியே தனிப் பட்டனோ நெம்போ இருந்தால்தான் முழு மதிப்பெண் என்று வந்து நிற்கிறது. எல்லாவற்றையும் கண்ணாடித் திரைக்குள் தள்ளிவிட்டு, இப்போது பட்டனைத் தேடுகிறார்கள்.

கே: அந்தக் காலத்துப் பொருள் மட்டும் எப்படி ஐயா ஆயுசுக்கும் உழைத்தது? இப்போது வேண்டுமென்றே சீக்கிரம் கெடும்படி செய்கிறார்கள் என்பது உண்மையா?

ப: பாதி உண்மை. அந்தப் பாதியை முதலில் சொல்கிறேன். 1924 டிசம்பரில் ஆஸ்ராம், பிலிப்ஸ் உள்பட பெரிய பல்பு கம்பெனிகள் ஜெனீவாவில் கூடி ஃபீபஸ் என்ற பெயரில் ஒரு கூட்டு அமைத்தன. சாதாரண பல்பு 1,000 மணி நேரம் எரிந்தால் போதும் என்று தீர்மானித்தார்கள். அதற்கு மேல் எரிகிற பல்பைச் செய்த கம்பெனிக்கு அபராதம்! நன்றாகச் செய்ததற்கு அபராதம் வாங்கியவர்கள் உலகத்தில் வேறு யாராவது இருப்பார்களா, தெரியவில்லை. உலகப் போர் வந்து அந்தக் கூட்டைக் கலைத்தது.

மற்ற பாதியையும் சொல்லாவிட்டால் நான் மெக்கானிக் இல்லை. பல்பின் இழையைக் குறைந்த சூட்டில் எரியவிட்டால் நீண்ட நாள் வரும், ஆனால் வெளிச்சம் மங்கும். அதே வெளிச்சத்துக்கு அதிக மின்சாரம் செலவாகும். கலிபோர்னியாவில் லிவர்மோர் தீயணைப்பு நிலையத்தில் 1901 முதல் ஒரு பல்பு எரிகிறது என்று எல்லோரும் படம் போடுகிறார்களே, அதன் வெளிச்சம் இரவு விளக்கு அளவுக்குத்தான் இருக்கும். தவிர, அதை அணைப்பதே இல்லை. அணைத்து அணைத்துப் போடும்போதுதான் இழை அடி வாங்கும். அதன் கீழே உட்கார்ந்து உங்களால் இந்தப் பத்திரிகையைப் படிக்க முடியாது.

இன்னொன்று, "தாத்தா வாங்கிய மின்விசிறி இன்னும் ஓடுகிறது" என்கிறோம். தாத்தா காலத்தில் விற்ற மின்விசிறிகளில் கெட்டுப்போனது எல்லாம் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. மிஞ்சிய ஒன்றை வைத்து மொத்தத்தையும் எடை போடுகிறோம். வால்வு ரேடியோ காலத்து ஆட்களைக் கேளுங்கள், மெக்கானிக் வீட்டு ஆள் மாதிரி வந்துபோவார். என் குருநாதர் அப்படித்தான் பல வீட்டுக் கல்யாணத்துக்குப் போனார்.

நிஜமாக மாறியது எது என்றால், திறக்கிற வழி. முன்பு திருகு இருந்த இடத்தில் இப்போது பசை. வாஷிங் மெஷினில் பேரிங் தேய்வது சகஜம். உள்ளங்கையில் அடங்குகிற சாமான். பழைய மெஷினில் வெளித்தொட்டியைத் திருகு கழற்றி இரண்டாகப் பிரிப்போம், பேரிங்கை மாற்றுவோம், மூடுவோம். இப்போது பல மெஷின்களில் தொட்டியை ஒட்டி உருக்கி ஒரே துண்டாக விடுகிறார்கள். பேரிங் போனால் தொட்டியோடு மாற்ற வேண்டும். அதற்கு ஆகிற செலவைக் கேட்டுவிட்டு ஆட்கள் புது மெஷின் வாங்கப் போய்விடுவார்கள். அதேபோல டிவி, சார்ஜர் எல்லாவற்றிலும் கெபாசிட்டர் என்று ஒரு சின்ன உருளை இருக்கும். சூடு அதற்கு எமன். 10 டிகிரி குறைந்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகும். அதைக் கொண்டுபோய், மற்ற பாகங்களின் சூட்டை வாங்கித் தகிக்கும் உலோகத் தகட்டை ஒட்டி நட்டு வைத்திருப்பார்கள். வேண்டுமென்றே செய்தார்களா, இடம் இல்லாமல் செய்தார்களா? அந்த போர்டை வரைந்த ஆளைச் சந்தித்தால் கேட்க வேண்டும் என்று ஒரு கேள்வி வைத்திருக்கிறேன். அச்சில் போட முடியாது.

கே: எக்ஸ்டென்டட் வாரண்டி எடுக்கலாமா?

ப: பெரும்பாலும் வேண்டாம். ஒரு பொருள் கெடுவது குளியல் தொட்டியின் பக்கவாட்டு வடிவத்தில் இருக்கும் என்பார்கள். செய்யும்போதே குறை இருந்தால் ஆரம்பத்திலேயே கெடும். அது தொட்டியின் ஒரு ஓரம். அதற்குக் கம்பெனி வாரண்டியே இருக்கிறது. நடுவில் நீளமாகத் தட்டையான அடிப்பாகம், கெடுவது குறைவு. அப்புறம் வயசாகி மறு ஓரம் ஏறும். நீங்கள் காசு கொடுத்து வாங்குகிற கூடுதல் வருடங்கள் அந்தத் தட்டையான இடத்தில்தான் விழும். மறு ஓரம் ஏறத் தொடங்கும்போது பத்திரம் காலாவதி ஆகியிருக்கும். கீழே விழுந்து உடைந்தால்? அது அதில் சேராது என்று நான்காம் பக்கத்தில் இருக்கும். எடுத்தே தீருவேன் என்றால் முதலில் அந்த நான்காம் பக்கத்தைப் படியுங்கள்.

கே: வாட்டர் புரூஃப் என்றார்களே என்று போனோடு கடலில் இறங்கினேன். போன் போய்விட்டது. ஐபி68 என்று பெட்டியிலேயே இருக்கிறது!

ப: ஐபி68-ல் 6 என்பது தூசிக்கு, 8 என்பது தண்ணீருக்கு. சோதனை நடப்பது நல்ல தண்ணீரில், அசையாத தண்ணீரில், புதுப் போனில். எவ்வளவு ஆழம், எத்தனை நிமிடம் என்பதைக் கம்பெனியே சொல்லிக்கொள்ளலாம். கடல் உப்பு, அலை வேறு. போன் இரண்டு வருடம் ஆனது என்றால் உள்ளே இருக்கும் ரப்பரும் பசையும் தளர்ந்திருக்கும். மழையில் நனைந்தால் பயப்பட வேண்டாம் என்பதற்குத்தான் அந்த எண். ஆழ்ந்த அனுதாபங்கள்.

கே: எங்கள் வீட்டில் சண்டை. பையன் கேமரா நல்ல போன் வேண்டும் என்கிறான். அவன் அப்பா, போன் ஆறு வருடம் வர வேண்டும் என்கிறார். தீர்ப்பு நீங்கள் சொல்லுங்கள் அண்ணா.

ப: தங்கச்சி, இரண்டு பேருக்கும் நடுவில் பேட்டரி இருக்கிறது. போனில் முதலில் கிழமாவது அதுதான். சூட்டில் கிடந்தாலும், எப்போதும் நூறு சதவீதத்திலேயே நின்றாலும் சீக்கிரம் தளரும். ஆறு வருடம் வேண்டும் என்றால் கேட்க வேண்டியவை இரண்டு: பேட்டரியை மாற்றித் தருவார்களா, சாஃப்ட்வேர் அப்டேட் எத்தனை வருடம்? ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் இதற்குச் சட்டமே வந்துவிட்டது. அங்கே புதிதாக விற்பனைக்கு வரும் போனின் பேட்டரி 800 முறை சார்ஜ் ஏறி இறங்கிய பிறகும் 80 சதவீதம் தாங்க வேண்டும். அந்த மாடல் விற்பனை நின்ற பிறகும் 7 வருடம் உதிரி பாகம் கிடைக்க வேண்டும். பிரான்சில் 2021-லேயே, பழுது பார்ப்பது எவ்வளவு எளிது என்று பத்துக்கு மதிப்பெண் போட்டு விலைச்சீட்டுக்குப் பக்கத்தில் ஒட்டத் தொடங்கினார்கள். நாம் கண்ணால் பார்க்க முடியாத ஒன்றை எண்ணாக்கிப் பெட்டிக்கு வெளியே கொண்டுவந்த வகையில், எனக்குப் பிடித்த எண் இது ஒன்றுதான்.

கேமராவைப் பொறுத்தவரை பையனிடம் சொல்லுங்கள்: 48 மெகாபிக்சல் என்கிற பல போன்கள் சாதாரணமாக நான்கு நான்கு புள்ளிகளைச் சேர்த்து 12 மெகாபிக்சல் படமாகத்தான் தருகின்றன. எண்ணைப் பார்க்காமல், மங்கலான அறையில் அசைகிற ஒருவரை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தீர்ப்பு என்று கேட்டால், அப்பா பக்கம். ஆனால் பையனே தேர்ந்தெடுக்கட்டும், இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் "கை தவறி" விழுந்துவிடும்.

கே: ஆன்லைனில் நட்சத்திர விமர்சனங்களை நம்பலாமா?

ப: மூன்று நட்சத்திரம் போட்டவர்களை நம்பலாம். ஐந்து போட்டவர் நேற்றுதான் பெட்டியைப் பிரித்தார். ஒன்று போட்டவருக்குப் பெட்டி வரத் தாமதம். மூன்று போட்டவர் உட்கார்ந்து பயன்படுத்தியிருக்கிறார்.

கே: செயலியில் இயங்கும் விளக்கு, பூட்டு எல்லாம் வாங்கி வீட்டை ஸ்மார்ட் ஆக்கலாம் என்று ஆசை. என்ன கவனிக்க வேண்டும்?

ப: கடையில் ஒரு காரியம் செய்யுங்கள். இணையத்தைத் துண்டித்துவிட்டு அந்த விளக்கைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். எரிந்தால் வாங்குங்கள்.

ரிவால்வ் என்று ஒரு ஹப் இருந்தது, வீட்டு விளக்கு, பூட்டு எல்லாவற்றையும் சேர்த்து இயக்குகிற பெட்டி. வாழ்நாள் சேவை உண்டு என்று சொல்லி விற்றார்கள். 2014-ல் கூகுளுக்குச் சொந்தமான நெஸ்ட் அந்தக் கம்பெனியை வாங்கியது. 2016 மே மாதம், அந்தப் பெட்டி இணையம் வழியாக நம்பியிருந்த கம்பெனிக் கணினியை, அதாவது சர்வரை, நிறுத்திவிட்டார்கள். பெட்டியில் ஒரு கோளாறும் இல்லை, ஒரு கெபாசிட்டர்கூடப் போகவில்லை. ஆனால் அன்றோடு அது வெறும் பிளாஸ்டிக். வாழ்நாள் என்றது யாருடைய வாழ்நாள் என்று வாங்கியவர்கள் கேட்கவில்லை. என் மேஜைக்கு அப்படி ஒன்று வந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? திறந்து பார்த்துவிட்டு மூடியிருப்பேன்.

கே: ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறீர்களே, நீங்கள் ஏமாந்ததே இல்லையா?

ப: இந்தக் கேள்வியை அனுப்பியது என் மனைவியா என்று சந்தேகமாக இருக்கிறது, கையெழுத்துதான் வேறாக இருக்கிறது. சரி, சொல்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் வயர் இல்லாத இயர்போன் ஒரு ஜோடி வாங்கினேன். கம்பெனி பெயர் வேண்டாம். காதில் கச்சிதம், சத்தம் அருமை, பெட்டி மூடும்போது ஒரு "டக்" கேட்கும், அந்த டக்குக்காகவே நாலு பேருக்குக் காட்டினேன். இரண்டாம் வருடக் கடைசியில் இடது காது இருபது நிமிடத்தில் மௌனம். பேட்டரிதான் என்று தெரியும். மெக்கானிக் ஆயிற்றே, மாற்றிவிடலாம் என்று மேஜையில் விளக்கைப் போட்டு உட்கார்ந்தேன். சூடு காட்டினேன், பிளேடு விட்டேன், கண்ணுக்குப் பூதக்கண்ணாடி வைத்தேன். திருகு ஒன்றுமில்லை, முழுக்கப் பசை. ஒரு மணி நேரம் கழித்து ஓடு இரண்டாகப் பிளந்தது. கூடவே உள்ளே இருந்த மயிரிழை போன்ற வயரும் அறுந்தது. ஆள் உயர ஃபிரிட்ஜையெல்லாம் பிரித்துப் போட்டு மாட்டியவன், சுண்டு விரல் நுனி அளவு சாமானிடம் தோற்றேன்.

போகட்டும் என்று டிராயரைத் துழாவினேன். பதினைந்து வருடத்துக்கு முந்தைய வயர் இயர்போன் சுருண்டு கிடந்தது. பழைய ரேடியோவில் செருகிப் பார்த்தேன், இரண்டு காதிலும் கணீரென்று பாடியது. சந்தோஷமாகப் போனை எடுத்தேன். மேலே பார்த்தேன், கீழே பார்த்தேன், பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தேன். செருக ஓட்டை இல்லை.

"வாங்கும்போது பார்க்கவில்லையா?" என்றாள் மனைவி. கேமராவைப் பார்த்தேன் என்றேன்.